மலை ஏறாத கண்காட்சி

எல்ல நகரின் பிரதான வீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கக் கால்மணி நேரம் போதும். வாகனப் பித்துப் பிடித்தவனுக்கு அரை நாளும் போதாது. ஒன்பது வளைவுப் பாலத்தையும் லிட்டில் அடம்ஸ் பீக்கையும் பார்க்கத்தான் உலகம் இங்கே வருகிறது. நான் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கிடந்த வாங்கில் பிளேன்டீயோடு உட்கார்ந்து வீதியைப் பார்த்தேன்.

பண்டாரவளைப் பக்கமிருந்து சிவப்பு இ.போ.ச. பஸ் இறங்கி வந்தது. அதை முந்தத் துடித்த தனியார் பஸ்ஸின் முன்கண்ணாடியில் கால்வாசியை ஸ்டிக்கர்கள் மறைத்திருந்தன. வெளிநாட்டவரை ஏற்றிய கே.டி.எச். வான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூரையில் சர்ஃப் பலகை கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. ஓட்டியவள் பொன்னிறக் கூந்தலை முடிந்த ஓர் ஐரோப்பியப் பெண். வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு அறுகம்பைக்குப் போகிறாளாம். மரக்கறி மூட்டைகளின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்த ஒரு டிமோ பட்டா குட்டி லொறி, பச்சை வண்ணம் அடித்த மிட்சுபிஷி 4டீஆர்5 ஜீப், ‘ஸ்ரீ’ இலக்கத்தகடோடு அறுபது வயதைத் தாண்டிய மொரிஸ் மைனர். இவற்றுக்கு நடுவே சத்தமே இல்லாமல் புத்தம் புதிய பி.வை.டி. மின்சாரக் கார் ஒன்று ஊர்ந்து போனது. உலகத்தின் எந்தக் கண்காட்சி மண்டபத்திலும் இத்தனையும் ஒரே கூரையின் கீழ் நிற்காது.

காரைப் பற்றி எழுதுகிறவன் எல்லவுக்குப் புகையிரதத்தில் வந்தான் என்று சிரிக்க வேண்டாம். கோட்டையிலிருந்து அதிகாலையில் புறப்படும் பொடி மெனிக்கேயில் ஒருமுறை வந்தவர்களுக்குக் காரணம் தெரியும். நானுஓயா தாண்டிப் பட்டிப்பொலவில் குளிர் முகத்தில் அடிக்கும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஊவாப் பக்கத்துக் காற்று. இதல்கஸ்ஹின்னவில் இரண்டு பக்கமும் பள்ளம். அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, ஹீல்ஓயா, கித்தல்எல்ல, பிறகு எல்ல. இந்தப் பாதையில் கார் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஜன்னலோர இருக்கைக்கு ஈடாகாது.

வந்ததற்குக் காரணம் ஒரு வாக்குவாதம். கொழும்பில் வாகனம் விற்கும் நண்பர் ஒருவர், “ஜெனீவாவையே இழுத்து மூடிட்டாங்க. இனி மோட்டார் கண்காட்சி எல்லாம் எதுக்கு? காசுக்குப் பிடிச்ச கேடு” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி என்று எனக்குப் பட்டது. மற்றப் பாதியை மலைநாட்டில் போய்ப் பார்த்தால்தான் தெளியும் என்றும் பட்டது. சமதளத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதானே.

ஜெனீவாக் கதை இதுதான். 1905இல் தொடங்கிய கண்காட்சி அது. சுவிட்சர்லாந்து தனக்கென்று பெரிய கார்க் கம்பனி இல்லாத நாடு என்பதால் எல்லா நாட்டுக் கம்பனிகளும் அதை நடுநிலையான களமாக மதித்தன. 2020இல் திறப்பதற்குச் சில நாட்களே இருந்தபோது கொரோனா வந்து அதை நிறுத்தியது. மேடைகள் கட்டியபடியே கிடந்தன. 2023இல் அதே பெயரில் கட்டார் நாட்டின் டோஹாவில் ஒரு கண்காட்சி நடந்தது. 2024இன் தொடக்கத்தில் மீண்டும் ஜெனீவாவில் கதவைத் திறந்தபோது பெரிய ஜேர்மன் கம்பனிகள் வரவில்லை. ரெனோ வந்தது, சீனத்திலிருந்து பி.வை.டி.யும் எம்.ஜி.யும் வந்தன. அந்த ஆண்டு மே மாத இறுதியில் இனி நடத்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஜெனீவா மட்டுமல்ல. இலண்டனில் பிரித்தானிய சர்வதேச மோட்டார் கண்காட்சி 2008ஓடு முடிந்தது. பிராங்ஃபர்ட் 2019க்குப் பிறகு கண்காட்சியை மியூனிக்கிடம் பறிகொடுத்தது. டோக்கியோக்காரர்கள் 2023இல் ‘மோட்டார்’ என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெட்ராயிட் ஜனவரியிலிருந்து செப்டெம்பருக்குப் போய், அங்கேயும் சரிவராமல், 2025இல் ஜனவரிக்கே திரும்பி வந்தது.

கணக்கு எளிது. முன்பெல்லாம் புதிய காரின் திரையை விலக்கும் நாளில் உலகப் பத்திரிகையாளர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருந்தார்கள், அதனால் கம்பனிகளும் அங்கே போயின. இன்று ஒரு கம்பனி தன் தொழிற்சாலை வாசலிலேயே திரையை விலக்கினாலும் அடுத்த நிமிடம் அது பதுளையில் ஒருவரின் கைபேசியில் ஓடுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து மேடை கட்டி, அதே நாளில் பக்கத்து மேடையில் போட்டிக் கம்பனிக்காரன் தலைப்புச் செய்தியைத் தட்டிக்கொண்டு போவதை ஏன் பார்த்திருக்க வேண்டும்? டெஸ்லா தன் கார்களைத் தன் சொந்த மேடையிலேயே அறிமுகப்படுத்திப் பெயர் வாங்கியதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கும் துணிவு வந்துவிட்டது.

ஆனால் பீஜிங்கிலும் ஷங்காயிலும் கண்காட்சி சாகவில்லை, பெருத்துக்கொண்டே போகிறது. இரண்டு நகரங்களும் ஆண்டு விட்டு ஆண்டு முறைவைத்து நடத்துகின்றன. 2024 பீஜிங் கண்காட்சியில் கைபேசிக் கம்பனியான ஷாவ்மி தன் முதல் காரோடு நின்றபோது அதன் தலைவரைச் சுற்றி நடிகருக்குக் கூடுவதுபோலக் கூட்டம் கூடியது. தெரிந்த சொந்தத்தில் சம்பந்தம் செய்கிறவர்களுக்குப் பெண் பார்க்கும் சடங்கு வெறும் தேநீர்ச் செலவு. அந்நியக் குடும்பத்தில் பெண் எடுப்பவர்களுக்குத்தான் அது தேவை. பென்ஸையும் டொயோட்டாவையும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேற்று முளைத்த இருபது கம்பனிகளை ஒன்றாக நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, சத்தம் கேட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

இலங்கை இன்று அந்த இரண்டாவது நிலையில் இருக்கிறது. அந்நியச் செலாவணி போதாமல் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டில் புதிய கார் என்பது பேச்சில் மட்டுமே இருந்தது. பழைய வேகன் ஆர்களைப் புதிதாய் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது. அந்தக் காலத்தில் கண்காட்சி வைத்திருந்தால் சமைக்காத வீட்டில் இலை போட்ட கதையாகத்தான் இருந்திருக்கும். கதவு திறந்தபோது உலகம் மாறியிருந்தது. பெரும்பாலும் ஜப்பானிய ஹைபிரிட்களையே அறிந்திருந்த சந்தைக்குள் பெயரே கேள்விப்படாத சீன மின்சாரக் கார்கள் வந்து நின்றன.

கொழும்பில் கண்காட்சி என்றால் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம். 1973இல் திறந்த அந்த மண்டபமே சீனா அன்பளிப்பாகக் கட்டித் தந்தது. இன்று அங்கே சீனக் கார்கள் நிற்பதைப் பார்த்தால் விருந்தாளி தான் கட்டிக்கொடுத்த வீட்டுக்கே வந்திருக்கிறார் என்று தோன்றும். நான் அங்கே பல கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். விளக்கொளியில் மினுங்கும் கார்களைவிட என்னைக் கவர்ந்தது லீசிங் கம்பனிகளின் மேசைகள்தான். காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பம் அடுத்து அந்த மேசைக்குப் போகும். தகப்பன் சம்பளச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு மாதக் கட்டணம் எவ்வளவு என்று தாழ்ந்த குரலில் கேட்பார். மேசைக்கு அப்பால் இருக்கும் இளைஞன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவான். வரியோடு சேர்ந்த விலையில் அந்த எண் எவ்வளவு பெரியது என்பது மனைவியின் முகத்தில் தெரியும். கொழும்புக் கண்காட்சியின் உண்மையான மேடை அந்த மேசைதான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் காரை மேடையில் பார்த்து வாங்கியதில்லை. 1920இலிருந்து இயங்கும் இலங்கை மோட்டார் வர்த்தகர் சங்கம் முகவர்களுடையது, அவர்களுக்குக் கண்காட்சி பொருந்தும். ‘ரீகண்டிஷன்’ வாங்குகிறவர்களின் வழி வேறு. ஜப்பானில் ஏலம் போன காரின் ‘ஒக்ஷன் ஷீட்’ என்ற ஒரு தாள், அதில் நாலரை, நாலு என்று தரம், கீறலுக்கும் நசுக்கலுக்கும் குறியெழுத்துகள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை யாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். தாளை நம்பிக் கார் வாங்கிப் பழகிய நாட்டில் மேடைக்கு மதிப்பு குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

மறுநாள் தியத்தலாவைக்குப் போனேன். எல்லவிலிருந்து பண்டாரவளைக்குப் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இராணுவ முகாம்களும் பைன் மரங்களும் நிறைந்த ஊர். மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் ஒரு நரியின் உருவம். எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் ஓய்வுக்கு இங்கே வந்து தங்கியபோது தங்கள் கப்பலின் பெயரை மலையில் எழுதிவைத்த வேலை அது. அந்தப் பெயர்தான் ஃபொக்ஸ் ஹில். 1993இலிருந்து இலங்கை இராணுவக் கல்வியகம் இங்கே ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ் பந்தயத்தை நடத்தி வந்தது.

கார்ப் பித்தர்களைப் பொறுத்தவரை மலைநாட்டில் ஏப்ரல் மாதம் என்றால் இதுதான். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம், இங்கே ஃபொக்ஸ் ஹில். கொழும்பு மண்டபத்துக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடப் போகாதவர்கள், குடும்பத்தோடு, சோற்றுப் பொதியோடு, மேட்டில் இடம்பிடித்து உட்காருவார்கள். சிவப்பு மண் தூசியாகப் பறக்கும். வளைவில் பின்சக்கரம் வழுக்கும்போது எழும்பும் கூச்சல்தான் அவர்களுக்குக் கண்காட்சி. அந்த வாசனையும் சத்தமும் எந்தக் காணொளியிலும் வராது.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா என்று ஐந்து ஆண்டுகள் நின்றிருந்த பந்தயத்தை 2024 ஏப்ரல் 21ஆம் திகதி மறுபடி நடத்தினார்கள். லட்சம்பேர் வரை கூடியதாகச் செய்திகள் சொல்லின. ஒரு கார் கவிழ்ந்தது. அதையடுத்து வந்த இன்னொரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழுபேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். மண்டபத்தில் காரைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கிறார்களே, அது காருக்குக் கீறல் விழாமல் இருக்க. இங்கே மனிதர்களைக் காக்க வேண்டிய தடுப்பு அந்தக் கயிறளவுக்கும் இருக்கவில்லை என்பதுதான் வேதனை.

நான் போன நாள் அங்கே பந்தயம் எதுவும் இல்லை. நகரத்தில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “மறுபடி நடத்தணும்ங்களா?” என்று கேட்டேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நடத்தட்டும்ங்க. சனம் வந்தா ஊருக்கு நாலு காசு. ஆனா வேலிய மொதல்ல போட்டுட்டு வண்டிய அப்புறம் விடட்டும்” என்றார். விசாரணை அறிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

எல்லவிலிருந்து பதுளை வீதியில் தெமோதரைப் பக்கமாக இறங்கினால் ஒரு கெராஜ் உண்டு. பலகைச் சுவர், தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. அதை நடத்தும் மெக்கானிக் பாஸ் தோட்டத்துப் பிள்ளை. வத்தளையில் ஒரு கெராஜில் தொழில் பழகி ஊருக்குத் திரும்பியவர். ஜாக்கியில் ஏற்றிய ஒரு டிமோ பட்டாவின் அடியிலிருந்து வெளியே வந்து, கழற்றிய கிளச் பிளேட்டை என் கையில் வைத்தார். தேய்ந்து ரிவெட்டுகள் மேலே தெரிந்தன. ஓரங்களில் நீலம் பாரித்திருந்தது. எரிந்த வாடை இன்னும் போகவில்லை. “கொழும்புல ஓடுற வண்டின்னா இது இப்பதான் பாதி தேஞ்சிருக்கும்ண்ணே. இங்க கொழுந்து மூட்டைய ஏத்திக்கிட்டு, ஈரப் பாதையில, பாதி கிளச்சுலயே ஏறுறாங்க. பிளேட்டு என்ன பண்ணும், பாவம்” என்றார்.

அந்த பட்டாவைப் பார்த்துக்கொண்டே எனக்கு 2008 டெல்லி ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, ஆட்டோ எக்ஸ்போ மேடையில் ரத்தன் டாட்டா நானோ காரைக் கொண்டு வந்து நிறுத்தினார். ஒரு லட்சம் இந்திய ரூபாய்க் கார். உலகத் தொலைக்காட்சிகள் அத்தனையும் அன்று பிரகதி மைதானத்தில் இருந்தன. ஒரு மோட்டார் கண்காட்சியால் ஒரு காரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினார்கள். பத்தாண்டு கழித்து, 2018ஓடு, உற்பத்தி நின்றுபோனது. மேடையில் கைதட்டு வாங்கிக் கொடுத்த அதே விலைதான் தெருவில் பரிகாசமாயிற்று. இருப்பதிலேயே மலிவான கார் என்று பெயர் எடுத்த ஒன்றை வாசலில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? இலங்கையில் அது கொழும்புத் தெருக்களில் டக்ஸியாகக் கொஞ்ச காலம் ஓடியது. மலைநாட்டில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நானோ மேடையேறுவதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு முன்னால், 2005 மே மாதத்தில், அதே கம்பனி டாட்டா ஏஸ் என்ற குட்டி லொறியைச் சந்தைக்கு விட்டது. 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல், பதினாறு குதிரைச் சக்தி. உலகச் செய்தி எதுவும் ஆகவில்லை. அந்த ஏஸ்தான் இங்கே முகவர் கம்பனியின் பெயரையும் சேர்த்துக்கொண்டு ‘டிமோ பட்டா’ ஆனது. மரக்கறி, கோழித்தீன், கொழுந்து மூட்டை, கல்யாண வீட்டுக் கதிரை, சாமி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அதுதான். கடைக்காரர்கள் அதையே கடையாக்கிப் பாண் விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு வண்டிகளின் திட்டத்துக்கும் தலைமை தாங்கியவர் ஒரே பொறியியலாளர், கிரீஷ் வாக். ஒரே கை செய்த இரண்டு வண்டிகளில் கண்காட்சி தூக்கிவிட்டது விழுந்தது, கண்காட்சி கண்டுகொள்ளாதது ஊவாவின் கொழுந்தைச் சுமக்கிறது. மேடையைப் பற்றி என் நண்பர் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளும் பாதி இதுதான்.

பாஸிடம் கேட்டேன், எப்போதாவது மோட்டார் கண்காட்சிக்குப் போயிருக்கிறீர்களா என்று. சிரித்தார். “நமக்கு பஞ்சிகாவத்தைதாண்ணே கண்காட்சி.” கொழும்பு மருதானைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த உதிரிப்பாகச் சந்தை தெரியாத மெக்கானிக் இலங்கையில் இல்லை. வண்டி ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தால் எப்படியிருக்குமோ அப்படியொரு தெரு. புதிய மொடல் வந்தால் அதன் ஷொக் அப்சோபர் பஞ்சிகாவத்தைக்கு வந்துவிட்டதா என்றுதான் மெக்கானிக்குகள் பார்க்கிறார்கள். வந்துவிட்டால் அந்த வண்டியை வாங்கலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வார்கள். எந்த விளம்பரத்தையும்விட மலைநாட்டில் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மதிப்பு.

பித்தர்கள் விஷயத்திலும் உதிரிப்பாகம்தான் கதாநாயகன். எல்ல வீதியில் பார்த்த மொரிஸ் மைனரை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் அந்தக் காரை வைத்திருக்கும் ரசிகர்களுக்குத் தகடுகளும் பாகங்களும் இலங்கையிலிருந்து போயிருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் பாத் நகரத்து மொரிஸ் மைனர் சென்டரோடு கூட்டுச் சேர்ந்து இங்கே ஒரு தொழிற்சாலை அவற்றைச் செய்தது. செய்த நாட்டிலேயே செத்துப்போன பாகங்களை இங்குள்ள தகர வேலைக்காரர்கள் கையால் தட்டி உயிர்ப்பித்தார்கள். இதை எந்தக் கண்காட்சி மேடையும் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

பிற்பகலில் ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு பசறை வீதியில் நியூபர்க் தோட்டப் பக்கம் போனேன். ஓட்டியவர் லயத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், அதற்குப் பக்கத்தில் பொப் மார்லி. உள்ளே கூரைக்கு மெத்தை தைத்து நட்சத்திரம் போலச் சின்ன விளக்குகள் பதித்திருந்தார். “இன்னும் நெறைய இருந்திச்சு சார். போன வருசம் ஜனவரில பொலிஸ் புடிச்சுக் கழட்டச் சொல்லிட்டாங்க” என்றார். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று தொடங்கி, பஸ்களிலும் ஆட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிக விளக்குகளையும் ஹோர்ன்களையும் அலங்காரங்களையும் கழற்றச் சொன்னது நாடெங்கும் சர்ச்சையானது. கண்ணைப் பறிக்கும் விளக்கும் காதைக் கிழிக்கும் ஹோர்னும் போகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையாரும் பொப் மார்லியும் யாரை இடித்துவிடப் போகிறார்கள்? கார் வாங்க வசதியில்லாத இளைஞன் தன் வண்டியில் தானே நடத்தும் கண்காட்சி அது.

பாதை ஏறியது. ஒரு பக்கம் கவ்வாத்து வெட்டிய மலை, மறுபக்கம் கொழுந்து நிறைந்த மலை. ஆட்டோ ஓட்டியவரின் அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாராம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் 1,350 ரூபாயானது. ஆட்டோவுக்கான மாத லீசிங் கட்ட அம்மாவின் பேர், அதாவது வேலைநாள், எத்தனை சேர வேண்டும் என்று அவர் கணக்குச் சொன்னார். ஒரு மாதம் தவறினால் வண்டியைச் சீஸ் பண்ண ஆள் வந்துவிடும். கொழும்புக் கண்காட்சியின் காணொளிகளைக் கைபேசியில் பார்த்திருக்கிறார். புதிய மின்சார ஆட்டோ ஒன்றைப் பற்றி என்னைவிட விவரமாகப் பேசினார். பிறகு சட்டென்று, “அங்கன போனா நம்மள உள்ள ஏறி உக்கார விடுவாங்களா சார்?” என்று கேட்டார்.

“வரிசையில நின்னா விடுவாங்க தம்பி.”

“ஓட்டிப் பாக்க?”

ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். விட்டாலும் மண்டபத்தைச் சுற்றியுள்ள சமதளத்தில் ஒரு சுற்று. அது அவருக்கு எதற்கு? மூன்று பேரையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, மழை பெய்த அன்று, லயத்துக்கு ஏறும் அந்தக் கடைசி வளைவில் அந்த மின்சார ஆட்டோ நின்று மறுபடி புறப்படுமா? அவருக்கு வேண்டியது இந்தப் பதில் ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடிய மேடை கொழும்பில் இல்லை.

ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது. எல்லவிலிருந்து வெல்லவாய போகும் ஏ-23 வீதியில் கடைசி நாள் இறங்கினேன். ராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி, வளைவுமேல் வளைவாக, ஆயிரம் மீற்றருக்கு மேலிருந்து ஏறக்குறைய இருநூறு மீற்றருக்கு, முப்பது கிலோமீற்றருக்குள் இறங்கிவிடுகிறது. ஓரமாக நிறுத்திய ஒரு லொறியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. உதவியாள் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இந்த வீதியில்தான் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ் பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் இறந்தார்கள்.

கார் விளம்பரத்தில் பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்று எழுதியிருப்பார்கள். இருபது கிலோமீற்றர் இறங்கிய பிறகு பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா? எங்கள் நாட்டில் அக்குவாவும் பிரியஸும் ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு கியர் கோலில் இருக்கும் ‘B’ என்ற எழுத்து எதற்கென்று தெரியாது. பிரேக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீண்ட இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுவதற்கான நிலை அது. வெல்லவாய இறக்கத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது, தொடுவார் இல்லை.

மின்சாரக் காரில் இது இன்னும் நுணுக்கம். இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பும். பிரேக்குக்கு வேலையே இல்லை என்று விற்பனையாளர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் எல்லவில் ஒரு ஹோட்டலில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, நூறு வீதம் நிரப்பிக்கொண்டு, காலையில் நேரே வெல்லவாய இறங்கினால்? நிறைந்த பற்றரியில் சக்தியைத் திருப்பி ஊற்ற இடமில்லை. முதல் சில கிலோமீற்றருக்கு அந்தப் பிடிமானம் குறைந்துபோகும், பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். மலையுச்சியில் தங்குகிறவர்கள் எண்பது, எண்பத்தைந்து வீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்காட்சியில் ஒரு விற்பனைப் பெண்ணிடம் இதைக் கேட்டபோது அவர் புன்னகைத்து, பதினைந்து அங்குலத் தொடுதிரையைக் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை. அவரை நிறுத்திய தரை சமதளம்.

ஆகவே என் நண்பருக்கு என் பதில் இது. மோட்டார் கண்காட்சி செத்துவிடவில்லை. திரை விலக்கும் வேலை மட்டும் அதன் கையை விட்டுப் போய்விட்டது, அதற்காக அழ வேண்டியதில்லை. அறியாத பத்து வண்டிகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மிச்சமிருக்கிறது. ஐந்தாண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு, பெயர் தெரியாத கம்பனிகள் வரிசைகட்டி நிற்கும் இலங்கைக்கு அது முன்னெப்போதையும்விட இன்று தேவை. பித்தர்களுக்கோ சத்தமும் தூசியும் சக பித்தர்களும் வேண்டும், கூடவே உறுதியான தடுப்பு வேலியும் வேண்டும்.

அதனால் கொழும்பு முகவர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சி முடிந்ததும் வண்டிகளை மண்டபத்திலிருந்து நேரே மலைக்கு ஏற்றுங்கள். பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்தில் இரண்டு நாள் நிறுத்துங்கள். தோகை விரித்த சொகுசுக் கார்கள் வேண்டாம். பட்டாவுக்குப் பதிலாக எதை விற்கப் போகிறீர்களோ அதைக் கொண்டு வாருங்கள். மின்சார ஆட்டோ, பத்துப் பேர் வான், தோட்டத்துக்கு ஏற்ற சின்ன லொறி. மூட்டைகளை நீங்களே ஏற்றுங்கள். ஒரு வண்டியைப் பசறைப் பக்கம் ஏறவும், இன்னொன்றை வெல்லவாயவுக்கு இறங்கவும் விடுங்கள். ஸ்டியரிங்கை உள்ளூர்ச் சாரதியிடம் கொடுங்கள். உங்கள் ஆள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கட்டும். தெமோதரை பாஸைக் கூப்பிட்டுப் பொனட்டைத் திறந்து காட்டுங்கள், உதிரிப்பாகம் எப்போது பஞ்சிகாவத்தைக்கு வரும் என்று அவரிடமே சொல்லுங்கள். எந்தக் கம்பனி இதற்குத் துணிகிறதோ, அதன் வண்டியை வாங்கச் சொல்லி நான் எழுதுவேன்.